காவல் நாய் ஜோடிக்கு வீட்லயே குட்டி எடுக்கிறது எப்படி: நாள் கணக்குதான் முக்கியம்

தேன்கனிக்கோட்டை பக்கம் ஆட்டுப்பட்டி காவலுக்கு கோம்பைங்கிற நாட்டு நாய் ஜோடி ஒன்னு வச்சிருக்கேன். அதுங்க குட்டி போட்டதுல இருந்து ஆள் மாத்தி ஆள் எப்படின்னு கேக்குறாங்க, அதான் மொத்தமா எழுதிடுறேன். சோறு வைக்கிறது, குளிப்பாட்டுறதெல்லாம் இதுல வராது.

ஸ்டெப் 1: ஜோடி

ஒரே ஈத்துல பொறந்ததுங்கள சேக்காதீங்க. அழகு அப்புறம், ராத்திரி காட்டுப்பன்னி வந்தா முன்னாடி போகுதா, ஆட்டுக்குட்டி மேல பாயாம இருக்கான்னு பாருங்க. பெட்டைக்கு ஒன்றரை ரெண்டு வயசாவது ஆகணும், முதல் ஹீட்ட, அதாவது பெட்டை சேர்றதுக்கு தயாராகுற பருவத்த, விட்டுடுங்க. ஊசி, பூச்சி மருந்தெல்லாம் ஹீட்டுக்கு முன்னாடியே முடிக்கணும். ரெண்டுக்கும் புரூசெல்லாங்கிற கிருமி இருக்கான்னு ரத்த டெஸ்ட் எடுங்க, "நாட்டு நாய்க்கு இதெல்லாமா"ன்னு சிரிப்பாங்க, சிரிக்கட்டும், அது வந்தா கரு கலைஞ்சிடும், மனுசனுக்கும் ஒட்டும்.

ஸ்டெப் 2: நாள் எண்றது

இங்கதான் பாதி பேர் கோட்டை விடுறாங்க. ஹீட்ல பெட்டைக்கு ரத்தம் கசியுறத பாத்த அன்னிக்கே கடுவன விட்டுட்டு, பெட்டை கடிச்சு தொரத்துதுன்னு பொலம்புவாங்க. ரத்தம் வர்றது ஆரம்பம்தான், பெட்டை ஒத்துக்குறது பெரும்பாலும் 10லேருந்து 14ஆவது நாளுக்குள்ள. சிலது 7லயே நிக்கும், சிலது 18 வரைக்கும் இழுக்கும். பிரச்சனை என்னன்னா முதல் நாள் எதுன்னே தெரியாது, அதுவே நக்கி சுத்தம் பண்ணிக்கும், சாக்குல படுத்தா கறையும் தெரியாது. பழைய வெள்ளை வேட்டிய மடிச்சு படுக்கையில போட்டு காலையில காலையில பாருங்க, முதல் பொட்டு விழுந்த தேதிய காலண்டர்ல குறிச்சுக்கோங்க. அப்புறம் அந்த கறை நல்ல சிவப்புலேருந்து வெளுத்து வைக்கோல் தண்ணி கலருக்கு வரும், வால் அடிய தொட்டா வால ஒரு பக்கமா ஒதுக்கி அசையாம நிக்கும். அப்ப ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரெண்டு மூணு தடவை சேத்து விடுங்க. காசு இருந்தா சேக்குற நாள் தெரிய புரொஜெஸ்ட்ரோன்ங்கிற ஹார்மோன் டெஸ்ட் எடுக்கலாம், ஆனா வேட்டி போதும்னுதான் நான் சொல்வேன்.

சேந்ததும் ரெண்டும் ஒட்டிக்கிட்டு லாக் ஆனா இழுக்காதீங்க, தண்ணி ஊத்தாதீங்க, குச்சி எடுக்காதீங்க. அரை மணி நேரம்கூட ஆகும், தானா விடும்.

ஸ்டெப் 3: சினை

63 நாள்னு சொல்வாங்க, சேந்த தேதியிலேருந்து எண்ணுனா 58லேருந்து 68 வரைக்கும் போகும். சினை நிக்குதான்னு 25 நாளுக்கு மேல ஸ்கேன் பாருங்க. கால்சியம் மாத்திரை கொடுக்க சொல்லி பக்கத்து வீட்டுக்காரர்லேருந்து மெடிக்கல் கடைக்காரர் வரைக்கும் சொல்வாங்க, டாக்டர் சொல்லாம தராதீங்க, குட்டி போட்டப்புறம் வெட்டு, அதாவது வலிப்பு, வர்றதுக்கு அதுவே காரணமாயிடும். ராகி களியோட முட்டை, மீன் போதும், கடைசி மூணு வாரம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க.

ஸ்டெப் 4: குட்டி போடுற அன்னிக்கு

டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்க, பாதரசம் வேணாம், நாய் திமிறுனா உடையும். 58ஆவது நாள்லேருந்து காலையும் சாயங்காலமும் ஆசனவாயில வச்சு பாருங்க. 101 சொச்சம் இருந்தது 99க்கு கீழ எறங்குனா பெரும்பாலும் 24 மணி நேரத்துல குட்டி வரும். முதல் குட்டிக்கு முன்னாடியே பச்சை கலர்ல கசிஞ்சாலோ, அரை மணி நேரம் நல்லா முக்கியும் குட்டி வரலன்னாலோ யோசிக்காம டாக்டர்கிட்ட ஓடுங்க.

வந்த குட்டிங்க முதல் நாளே சீம்பால் குடிச்சிருக்கணும். தெனமும் சமையல் தராசுல எடை போடுங்க, ஏறலன்னா ஏதோ கோளாறு. பசும்பால் ஊத்தாதீங்க.

அப்டேட்: மார்கழியில தளி பக்கம் ஒருத்தர் சூட்டுக்கு பல்பு போட்டும் குட்டிங்க வெறைச்சு கெடக்குன்னு கேட்டாரு, பாத்தா எல்.இ.டி பல்பு! அதுல சூடு எங்க வரும்? கோழிக்குஞ்சுக்கு போடுற புரூடர் பல்பு வாங்கி குட்டிங்க கெடக்குற பொட்டியோட ஒரு மூலைக்கு மேல மட்டும் கட்டுங்க, சூடு தாங்கலன்னா குட்டிங்க தள்ளி போக எடம் வேணும். குட்டிங்க எல்லாம் ஓரத்துல போய் கெடந்தா பல்ப மேல தூக்குங்க, ஒன்னு மேல ஒன்னு குவிஞ்சு கெடந்தா எறக்குங்க.

இன்னொரு அப்டேட்: "என் கடுவன்தான் சேந்துது, எப்படி ரெண்டு குட்டி மட்டும் தெரு நாய் மாதிரி"ன்னு கேட்டிருக்காங்க. ஒரே ஈத்துல ரெண்டு அப்பன் வரலாம்ங்க. அதனால நம்ம கடுவன் சேந்துடுச்சேன்னு பெட்டைய அவுத்து விடாதீங்க, ஹீட் முழுசா முடியுற வரைக்கும், அதாவது மூணு வாரத்துக்கு மேலயே, பூட்டி வைங்க, கம்பி வேலி மட்டும் பத்தாது, கதவு உள்ள ரூம் வேணும்.