மலேரியா வந்தவரின் வைரஸ் பரிசோதனை 'பொசிட்டிவ்' என்றால் என்ன செய்ய வேண்டும்?

இலங்கையில் உள்ளூரில் தொற்றிய மலேரியா 2012 ஒக்டோபரோடு நின்றது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றும் வழங்கியது. ஆயினும் ஆபிரிக்க நாடுகளுக்கு வேலைக்கோ வியாபாரத்துக்கோ சென்று யாழ்ப்பாணம் திரும்புவோர், அங்கு கண்ட மலேரியாவின் பிறபொருளெதிரிகளை (கிருமிகளை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதங்களை) தம் குருதியில் கொண்டுவரக்கூடும். இவை வைரஸ் பரிசோதனையைக் குழப்பக்கூடும்.

மலேரியா ஒட்டுண்ணி, குறிப்பாகப் பல்சிபாரம் வகை, பிறபொருளெதிரிகளை உண்டாக்கும் உடலின் பி-கலங்களைக் கண்டபடி தூண்டிவிடுவதால், எதனோடும் இறுக்கமின்றி ஒட்டிக்கொள்ளும் பிறபொருளெதிரிகள் பெருகுகின்றன. பிறபொருளெதிரிகளைத் தேடும் எலைசா பரிசோதனையின் தட்டில் பூசப்பட்டுள்ள வைரஸ் புரதத்திலும் இவை ஒட்டிக்கொண்டால், தொற்றே இல்லாதவருக்கும் நிறம் தோன்றி முடிவு 'பொசிட்டிவ்' என வரும். ஆரம்பகால எச்.ஐ.வி. பரிசோதனைகளிலும், பின்னர் சிக்கா (நுளம்பு பரப்பும் ஒரு வைரஸ்), கோவிட் பரிசோதனைகளிலும் இது அவதானிக்கப்பட்டது. ஆபிரிக்க மாதிரிகளில் கோவிட் பிறபொருளெதிரியைத் தேடியபோது, தட்டை யூரியாக் கரைசலால் கழுவியதும் இவ்வாறான போலி முடிவுகள் பல மறைந்தன. தளர்வாக ஒட்டியவை கழன்றுபோயின.

ஆகவே, குருதி கொடுக்கும்போதே எந்த நாட்டில் இருந்தீர்கள், எப்போது மலேரியா வந்தது, என்ன மருந்து எடுத்தீர்கள் என்பவற்றை வைத்தியரிடம் சொல்லுங்கள். தொண்ணூறுகளில் வன்னியில் வந்த மலேரியாக் காய்ச்சலை இன்றைய அறிக்கைக்குக் காரணமாக்குவது பெரும்பாலும் பொருந்தாது. அண்மையில் வந்த அல்லது திரும்பத் திரும்ப வந்த மலேரியாவையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

முதற் பரிசோதனையின் முடிவு நோய் நிர்ணயம் அன்று. ஆயிரம் பேரில் ஒருவருக்கே உள்ள தொற்றை, நூற்றுக்கு ஒருவரைத் தவறாகக் காட்டும் பரிசோதனையால் தேடினால், உண்மையான ஒருவரோடு ஏறத்தாழப் பத்துப் பேர் பிழையாக அகப்படுவர். எனவே வேறு வடிவமைப்புள்ள இரண்டாவது பரிசோதனையையும், தேவைப்பட்டால் வைரஸின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். பரிசோதனையையும் கேளுங்கள். அதே கிட்டில் திரும்பச் செய்தால் அதே பிழையே திரும்ப வரலாம். எச்.ஐ.வி. பற்றிய ஐயத்துக்கு, அரச பாலியல் நோய்க் கிளினிக்குகளில் பரிசோதனை இலவசமாகவும் இரகசியமாகவும் செய்யப்படுகிறது. உறுதிப்படுத்தலையும் அவர்களே ஒழுங்குசெய்வார்கள். மலேரியா வந்தது என்பதற்காக முடிவைப் போலி என்று நீங்களாகவே ஒதுக்கிவிடவும் கூடாது.

எனக்கு இதைவிட அச்சம் தருவது இதன் மறுபக்கம். மார்கழியில் காய்ச்சலோடு வருபவருக்கு இங்கே எல்லோரும் டெங்கையே நினைப்பர். ஆபிரிக்காவிலிருந்து திரும்பியவருக்கு மலேரியாவே இருக்க, டெங்குக்கான பிறபொருளெதிரியைத் தேடும் ஐ.ஜி.எம். பரிசோதனை பிழையாகப் 'பொசிட்டிவ்' காட்டினால், தேடல் அங்கேயே நின்றுவிடும். குருதிச் சிறுதட்டுகள் குறைவது இரண்டு நோய்களிலும் உண்டு என்பதால் அந்த எண்ணிக்கையும் கைகொடுக்காது. பல்சிபாரம் மலேரியாவோ சில நாட்களில் உயிரைக் குடிக்க வல்லது. எனவே பயணம் செய்தவருக்குக் காய்ச்சல் என்றால், டெங்கு அறிக்கை எதைச் சொன்னாலும், நுணுக்குக்காட்டியில் ஒட்டுண்ணியைத் தேடும் குருதிப் பூச்சுப் பரிசோதனையை அன்றே செய்விக்க வேண்டும். முதற் பூச்சில் எதுவும் தெரியாவிட்டால், 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மீண்டும் செய்விக்க வேண்டும்.