நடுராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால்

ஜவுளிக்கடைப் புடவைப் பிரிவில் 12 வருடமாக நின்றே வேலை பார்க்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கெண்டைக்கால் சதை கல்லு மாதிரி உருண்டு நிற்கும் அந்த வலி எனக்கு நன்றாகத் தெரியும். முன்பெல்லாம் அம்மா தைலம் தேய்த்துவிடுவார். பிசியோதெரபி படித்த தங்கை சொல்லிக்கொடுத்த பிறகுதான் வழி பிடிபட்டது.

தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. சுருங்கிய தசை நீள வேண்டுமென்றால் எதிர்ப்பக்கத் தசை இழுக்க வேண்டும், இல்லையென்றால் நாம் இழுக்க வேண்டும். அதனால் உட்கார்ந்து முழங்காலை நீட்டுங்கள். பாதத்தின் முன்பகுதியில் துண்டை மாட்டி, விரல்கள் முகத்தை நோக்கி வரும்படி மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுக்காதீர்கள். 30 எண்ணும்வரை பிடியுங்கள். சதை இளகுவது தொட்டாலே தெரியும்.

முழங்காலை ஏன் நீட்ட வேண்டும்? கெண்டைக்காலில் இரண்டு பெரிய தசைகள். மேலாக இருப்பது முழங்காலுக்கு மேலே தொடையெலும்பில் தொடங்குகிறது. அதற்கு அடியில் இருப்பது முழங்காலுக்குக் கீழே. இரண்டும் ஒரே நாணாகச் சேர்ந்து குதிகால் எலும்பில் முடிகின்றன. குதிகாலுக்குச் சற்று மேலே விரலால் பிடித்துப் பாருங்கள், தடித்த கயிறு போல இருக்கும். முழங்காலை மடக்கினால் மேல்தசை தொய்ந்துவிடும். இழுப்பு அதற்குச் சரியாகப் போய்ச் சேராது.

அப்புறம், படுக்கும் முன் சுவரில் கைவைத்து, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் சற்று நேரம் சாய்ந்து நில்லுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் சூடும் சேர்ந்து வலி நீடித்தால் தேய்க்கவோ இழுக்கவோ வேண்டாம். உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.