சிற்றலைக்கு ஒரு கையடக்க ரேடியோ: பார்த்து வாங்குவது எப்படி

பெட்டியின் மேல் ‘12 பேண்டு, உலக ரேடியோ’ என்று அச்சிட்டிருப்பதை நம்பிச் சிற்றலை ரேடியோ வாங்காதீர்கள். பேண்டு எண்ணிக்கையை வைத்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. கேட்க வேண்டியவை மூன்றே கேள்விகள். வேண்டிய அலைவரிசையில் நேராகப் போய் நிற்க முடியுமா? 5 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும் பக்கத்து நிலையத்தை ஒதுக்க முடியுமா? உங்கள் வீட்டில் இரைச்சல் எவ்வளவு? மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

அதற்கும் முன்னால் ஒன்று. நீங்கள் கேட்க விரும்பும் நிலையம் இன்னும் சிற்றலையில் இருக்கிறதா என்று பாருங்கள். 1941இல் தொடங்கிய பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30உடன் நின்றுவிட்டது. பழைய நினைவில் அதைத் தேடி ரேடியோ வாங்கினால் ஏமாற்றம்தான். சிற்றலை நிலையங்களின் அலைவரிசைப் பட்டியல் ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும், மாறுகிறது. நடப்புப் பட்டியலை எடுத்து, உங்களுக்குப் பிடித்த நான்கைந்து ஒலிபரப்புகளின் நேரத்தையும் அலைவரிசையையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரம் வேண்டுமானால் ஐந்தரை மணி கூட்டுங்கள்.

வீட்டு இரைச்சலை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். யாரிடமாவது ஒரு பழைய சிற்றலை ட்ரான்சிஸ்டரை இரவல் வாங்குங்கள். பேட்டரியில் ஓடவிட்டு, இருட்டிய பிறகு 6 மெகாஹெர்ட்ஸ் பக்கம் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும், இல்லையென்றால் சோதனைக்கு அர்த்தமே இல்லை. ‘கர்ர்’ என்ற சத்தம் சட்டென்று அடங்கினால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எல்.இ.டி பல்பு, மோடத்தின் அடாப்டர், செட்டாப் பாக்ஸ், போன் சார்ஜர், பி.எல்.டி.சி மின்விசிறி ஆகியவைதான் வழக்கமாக மாட்டும். மெயினை அணைத்தும் சத்தம் போகவில்லை என்றால் பக்கத்து வீட்டிலிருந்தோ தெருக் கம்பியிலிருந்தோ வருகிறது. அப்படிப்பட்ட வீட்டில் எவ்வளவு விலையுள்ள ரேடியோவும் கூடத்தில் கேட்காது. மொட்டை மாடிக்கு எடுத்துப் போகத் தோதான சிறிய ரேடியோவே அங்கே சரி.

இனி ரேடியோவுக்கு வருவோம். முள் நகரும் பழைய வகை அனலாக் ரேடியோவில் 9 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டும் இடத்தில் அரை விரல் அகலத்துக்குள் ஒரு டஜன் நிலையங்கள் அடைந்து கிடக்கும். எது எது என்று தெரியாது. வரும் அலையை உள்ளே ஒரே ஒரு முறை வேறு அலைவரிசைக்கு மாற்றும் மலிவான ‘ஒற்றை மாற்று’ ரேடியோக்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. பலமான நிலையம் ஒன்று அதன் உண்மையான இடத்துக்கு 910 கிலோஹெர்ட்ஸ் கீழேயும் கேட்கும். அப்படி மாற்றி எடுக்கும் இடைநிலை அலைவரிசை 455 கிலோஹெர்ட்ஸ். அதன் இரு மடங்குதான் இந்த 910. இல்லாத இடத்தில் நிலையத்தைக் கேட்டுவிட்டுப் பட்டியலில் தேடிக் குழம்புவது இதனால்தான்.

எண்ணில் அலைவரிசை காட்டும் ரேடியோவே வாங்குங்கள். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. சில ரேடியோக்களில் திரை மட்டும்தான் டிஜிட்டல், உள்ளே இருப்பது பழைய சுழல் மின்தேக்கி. நிலையத்தைப் பிடித்து வைத்தால் பத்து நிமிடத்தில் தானாக நகர்ந்துவிடும். எண் விசைப்பலகை இருக்கிறதா என்று பாருங்கள். 9, 6, 9, 0 என்று அழுத்தினால் 9690 கிலோஹெர்ட்ஸில் போய் நிற்கும் ரேடியோ உள்ளேயும் டிஜிட்டல்தான். 1711 முதல் 29999 கிலோஹெர்ட்ஸ் வரை இடைவெளி இல்லாமல் பிடிக்கிறதா என்பதையும் கேளுங்கள். துண்டு துண்டாகப் பிடிக்கும் ரேடியோக்களில் 13.6 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் 22 மீட்டர் பேண்டு பெரும்பாலும் விடுபட்டுப் போகும்.

அடுத்தது பட்டை அகலம், அதாவது ரேடியோ ஒரே நேரத்தில் உள்ளே விடும் அலைவரிசையின் அகலம். விவரக் குறிப்பில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்று என்று நிற்கின்றன. ஒவ்வொன்றும் எடுத்துக்கொள்வதோ ஏறத்தாழ 9, 10 கிலோஹெர்ட்ஸ். ஆகவே மோதல் தவிர்க்க முடியாதது. 6, 4, 3, 2 கிலோஹெர்ட்ஸ் என்று அகலத்தைக் குறைக்க முடிகிற ரேடியோவில் பக்கத்து நிலையத்தை வெட்டிவிடலாம். கூடவே 1 கிலோஹெர்ட்ஸ் படியில் நகர முடிந்தால், இடைஞ்சல் இல்லாத பக்கமாக ஒன்றிரண்டு படி தள்ளி வையுங்கள். குரல் கொஞ்சம் கீச்சென்று மாறும், ஆனால் சொல் புரியும். உணர்திறன் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். நல்ல பெயருள்ள ரேடியோக்கள் எல்லாமே அதில் ஏறக்குறைய ஒரே அளவுதான்.

எஸ்.எஸ்.பி, அதாவது சுமப்பலையை (பேச்சைச் சுமந்து வரும் அடிப்படை அலையை) விட்டுவிட்டு அதன் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பும் ஒற்றைப் பக்கப்பட்டை முறையைப் பிடிக்கும் வசதி, வேண்டுமா? வெளிநாட்டு ஒலிபரப்பு மட்டும் போதுமென்றால் கட்டாயம் இல்லை. பொழுதுபோக்காகத் தங்களுக்குள் ரேடியோவில் பேசிக்கொள்ளும் ஹாம் வானொலியாளர்கள் 7000 முதல் 7200 கிலோஹெர்ட்ஸ் வரை கீழ்ப் பக்கப்பட்டையிலும், 14 மெகாஹெர்ட்ஸில் மேல் பக்கப்பட்டையிலும் பேசுவதைக் கேட்க வேண்டுமானால் இது இல்லாமல் ஆகாது. சாதாரண ரேடியோவில் அந்தப் பேச்சு வாத்துக் கத்தல் போல இருக்கும். வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: மேல் பக்கப்பட்டைக்கும் சுருக்கெழுத்து யு.எஸ்.பிதான், சார்ஜ் துளைக்கும் அதேதான். மலிவு ரேடியோ விளம்பரத்தில் ‘யு.எஸ்.பி’ என்று இருந்தால் அது பென்டிரைவ் செருகும் துளை. எல்.எஸ்.பி (கீழ்ப் பக்கப்பட்டை) என்ற சொல்லும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள்.

சிங்க் என்ற வசதி சில ரேடியோக்களில் மட்டும் உண்டு. தொலைதூர அலை மங்கி மங்கி வரும்போது சுமப்பலை மட்டும் தனியாக மெலிந்துபோனால் பேச்சு கரகரவென்று உடையும். சிங்க் அந்தச் சுமப்பலையை உள்ளேயே உருவாக்கிக் கொடுத்து உடைசலைக் குறைக்கிறது. சிங்க் இல்லாமல் எஸ்.எஸ்.பி மட்டும் இருந்தாலும் 10 ஹெர்ட்ஸ் படியில் நகர முடிந்தால் ஏறக்குறைய அதே பலனைக் கையாலேயே பெறலாம். எஸ்.எஸ்.பியில் வைத்ததும் கேட்கும் ஊளைச் சத்தம் இறங்கி இறங்கி மறையும் இடத்தில் நிறுத்துங்கள், அவ்வளவுதான்.

மத்திய அலையும் கேட்பவர்கள் 9 கிலோஹெர்ட்ஸ் படி இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். அமெரிக்கச் சந்தைக்கான ரேடியோ 10 படியில் ஓடும். திருச்சியின் 936 அதில் 930க்கும் 940க்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். பல ரேடியோக்களில் அணைத்த நிலையில் ஒரு விசையைச் சில நொடிகள் அழுத்தினால் படி மாறும்.

பேட்டரி விஷயத்தில் உங்கள் ஊர்க் கடையில் கிடைப்பதே சிறந்தது. பழைய நோக்கியா போனின் பி.எல் 5சி போடும் ரேடியோ என்றால் செல்போன் கடையிலேயே மாற்று கிடைக்கும். பென்சில் செல் போடும் ரேடியோவில் உள்ளே சார்ஜ் செய்யும் வசதி இருந்தால், சார்ஜ் ஆகாத செல் போட்டிருக்கும்போது அந்த அமைப்பைக் கட்டாயம் அணைத்து வையுங்கள். 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல்லில் 9900 மில்லியாம்பியர் மணி என்று எழுதியிருந்தால் அது பொய். நல்ல செல்லிலேயே 3500 பக்கம்தான் உச்சம். எந்த ரேடியோவானாலும் சார்ஜரைக் கழற்றிவிட்டுத்தான் சிற்றலை கேட்க வேண்டும்.

பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்கு: ஒலிபரப்பு மட்டும் போதும், எளிமை வேண்டும் என்றால் டெக்சன் பி.எல் 310இடி. அதன் உறவான பி.எல் 380உம் நல்லதே, ஆனால் வெளி ஏரியல் துளை அதில் இல்லை, 310இல் இருக்கிறது. இரண்டிலும் எஸ்.எஸ்.பி கிடையாது. எஸ்.எஸ்.பியும் சிங்கும் சட்டைப்பை அளவில் வேண்டுமென்றால் பி.எல் 330. விமான அலைவரிசையும் சேர்த்துக் கேட்க எக்ஸ்எச்டேட்டா டி 808. பழையது வாங்குவதானால் சோனி 7600ஜிஆர் இன்றும் நம்பத்தக்கது. மடக்கு வகை சோனி எஸ்டபிள்யு 100 மட்டும் யோசித்து வாங்குங்கள். கீல் வழியாகப் போகும் நாடா வயர் அறுவது அதன் தெரிந்த நோய். ரப்பர் பூச்சுப் பூசிய பழைய ரேடியோ எதுவானாலும் கையில் பிடித்துப் பாருங்கள். நம் ஊர் வெக்கையில் அது பிசுபிசுத்துப் போயிருக்கும்.

வாங்கியதும் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதியுங்கள். கடைக்குள் சிற்றலை கேட்காது, திறந்த வெளிக்குப் போக வேண்டும். மாலை ஏழு மணிக்கு மேல் 10000 கிலோஹெர்ட்ஸில் நில்லுங்கள். சீனாவின் பிபிஎம் நேரக் குறி நிலையம் நொடிக்கு ஒரு ‘டிக்’ கொடுக்கும். எஸ்.எஸ்.பியில் வைத்து ஊளை மறையும் இடத்தைப் பாருங்கள்; அது 10000இலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு உங்கள் ரேடியோவின் பிழை. பிறகு 6676 அல்லது 11387 கிலோஹெர்ட்ஸில் மேல் பக்கப்பட்டையில் வைத்துக் கேளுங்கள். மும்பை, பாங்காக் போன்ற நகரங்கள் விமானிகளுக்கான வானிலையை முறை வைத்துப் படிக்கும். மும்பையின் முறை ஒவ்வொரு மணியிலும் 25ஆவது, 55ஆவது நிமிடத்தில். இருட்டிய பின் 49, 41, 31 மீட்டர் பேண்டுகளையும் (ஏறத்தாழ 6, 7, 9.5 மெகாஹெர்ட்ஸ்), பகலில் 19, 16 மீட்டர் பேண்டுகளையும் (ஏறத்தாழ 15, 17.5 மெகாஹெர்ட்ஸ்) சுற்றிப் பாருங்கள். பகலில் 49 மீட்டர் காலியாக இருந்தால் அது பழுது இல்லை. திருகும்போது படிக்குப் படி ஒலி வெட்டி வெட்டி வருவதும், பலவீனமான நிலையத்தில் ஒலி தானாக அமுங்குவதும் டி.எஸ்.பி சில்லின் (அலையை எண்களாக மாற்றிக் கையாளும் சில்லின்) இயல்பு. ஒரே சீராக 10 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு ‘ஷ்ஷ்’ என்று கேட்டால் பெரும்பாலும் டி.ஆர்.எம் டிஜிட்டல் ஒலிபரப்பு. சாதாரண ரேடியோவால் அதைப் பிரிக்க முடியாது.

கடைசியாக, ஐந்து முதல் ஏழு மீட்டர் உறையிட்ட மெல்லிய வயரை ஒரு முதலைக் கிளிப்பில் மாட்டி, ஏரியல் குச்சியில் கவ்வவிட்டு ஜன்னல் வழியே வெளியே விடுங்கள், மின்கம்பியிலிருந்து நன்றாகத் தள்ளி. அதற்கு மேல் நீட்டினால் நல்லது என்று நினைக்காதீர்கள். சிறிய ரேடியோ திணறி, உள்ளூர் மத்திய அலை நிலையம் கண்ட இடத்திலெல்லாம் கேட்க ஆரம்பிக்கும். அப்போது வயரைக் குறைக்கவும், அல்லது உணர்திறனைக் குறைக்கும் லோக்கல் சுவிட்சைப் போடவும். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி மழையிலும் இடி தூரத்தில் கேட்டாலே கிளிப்பைக் கழற்றிவிடுங்கள். மின்னல் நேரடியாக விழ வேண்டியதே இல்லை, வயரில் ஏறும் நிலைமின்னே முதல் நிலை டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும். அதன்பின் ரேடியோ ஓடும், பண்பலைகூடக் கேட்கும், சிற்றலை மட்டும் செவிடாகிவிடும்.