மணியை வழியனுப்பிய விதம்

ஏற்காட்டில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் காபித் தோட்டம். அங்கே 13 வருஷம் காவல் இருந்த நாய் மணி. போன மார்கழியில், வலியில்லாமல் சாக டாக்டரை விட்டு ஊசி போட்டு அவனை அனுப்பிவைத்தோம்.

அவனுக்கு முன்னால் இருந்த ராணியை நான் சரியாக அனுப்பவில்லை. கடைசி நாளில் வண்டியில் தூக்கிப் போட்டு சேலத்துக்கு இறக்கினேன். 20 கொண்டை ஊசி வளைவு, வழியெல்லாம் வாந்தி. ஊசி போடும்போது வெளியே நிற்கச் சொன்னார்கள், நின்றேன். அவள் தெரியாத மனுஷர்கள் கையில் போனாள். எனக்கு இன்னும் ஆறவில்லை. மலையில் இருப்பவர்கள் டாக்டரை மேலே வரவழையுங்கள், நாயைக் கீழே இறக்காதீர்கள்.

எப்போது என்பதுதான் கஷ்டம். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் நான் மூன்று விஷயம் குறித்து வந்தேன்: சாப்பிட்டானா, தானாக எழுந்தானா, என் செருப்புச் சத்தத்துக்கு வாலை ஆட்டினானா. ஒரு வாரத்துத் தாளில் பாதிக்கு மேல் ‘இல்லை’ வந்ததும் டாக்டருக்குப் போன் செய்தேன். அசந்து தூங்கும்போதும் நிமிஷத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால் அதையும் சொல்லுங்கள். வலிக்கிறதே என்று நாம் போடும் பாராசிட்டமால், புரூஃபன் எதையும் கொடுத்துவிடாதீர்கள், அது வேறு வேதனை.

டாக்டரிடம் முன்கூட்டியே ஒன்று கேளுங்கள்: முதலில் மயக்க ஊசி போட்டு, அசந்த பிறகுதான் கடைசி ஊசியா? ஆமாம் என்பவரை வரச் சொல்லுங்கள்.

குழியை முந்தின நாளே வெட்டிவிட வேண்டும். எங்கள் மண்ணில் இரண்டடிக்குக் கீழே கல் தட்டும், கடப்பாரை இல்லாமல் நடக்காது. நாலடி ஆழம், கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி. மருந்து உடம்பிலேயே தங்கிவிடும், தோண்டித் தின்னும் பிராணியும் செத்துப்போகும். எங்கள் பக்கம் காட்டுப்பன்றி வரும், அதனால் மேலே பெரிய கல்லாக அடுக்கினோம். பிளாஸ்டிக் பை வேண்டாம், பழைய நூல் சேலை போதும். சேலத்தில் மண் இல்லாத வீட்டுக்காரர்கள், சொந்தக்காரர் தோட்டத்தில் இப்போதே கேட்டு வையுங்கள்.

அன்று காலை மணிக்குத் தட்டுவடை கொடுத்தேன். நடுவில் வெங்காயம் வைத்துத் தரும் செட் இல்லை, வெங்காயம் நாய்க்கு ஆகாது, வெறும் தட்டுவடை. மூன்று நாளாகச் சோறு தொடாதவன், என் உள்ளங்கையில் இருந்த தூளை நக்கினான்.

திண்ணையிலேயே படுக்க வைத்தோம். தலை என் மடியில். மயக்க ஊசியில் அவன் அசந்த பிறகு, டாக்டர் முன்னங்காலில் கொஞ்சம் முடி சிரைத்து மருந்தை ஏற்றினார். ஒன்றிரண்டு நிமிஷம்தான். கண் மூடாது, திறந்தே இருக்கும். அடங்கிய பிறகும் நெஞ்சு ஒருமுறை தூக்கிப் போடலாம், சிறுநீர் போகலாம். உயிர் திரும்புகிறது என்று பதறாதீர்கள். டாக்டர் குழாய் வைத்துப் பார்த்துச் சொல்லும்வரை நான் காதைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

பேத்திக்கு ஆறு வயசு. “தூங்குறானா ஆத்தா?” என்றாள். “இல்ல சாமி, செத்துட்டான்” என்றேன். தூங்குகிறான் என்று சொன்னால் பிள்ளை தூங்கவே பயப்படும். அழுதாள், அழட்டும்.

வீட்டில் வேறு நாய் இருந்தால் மூடுமுன் மோந்து பார்க்க விடுங்கள். எங்கள் சின்னவன் மோந்துவிட்டு, இரண்டு நாள் அந்தக் கல்மேட்டிலேயே படுத்திருந்தான். விரட்டவில்லை. சோற்றுத் தட்டை அங்கேயே கொண்டுபோய் வைத்தேன்.