தஞ்சாவூரில் வடக்கா, தெற்கா? வீடு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் அக்காவும் அத்தானும் தஞ்சாவூரில் வீடு தேடி அலைந்தது ஒரு சித்திரை மாதம். கையில் இருந்த பணத்துக்கு இரண்டு இடங்கள் தோதாக வந்தன. ஒன்று வடக்கே, பள்ளியக்கிரகாரம் பக்கம், வயலை ஒட்டிய ஒரு புதுத் தெரு. இன்னொன்று தெற்கே, நாஞ்சிக்கோட்டை சாலையிலிருந்து உள்ளே தள்ளி. வடக்கு வீடு பெரிது. வாசலில் வேப்பமரம், பின்னால் கிணறு. தெற்கு வீடு சின்னது, தெருவில் ஒரு மரம்கூட இல்லை. அந்த வெயிலில் இரண்டையும் பார்த்தால் யாருக்கும் வடக்குதான் பிடிக்கும். அதையே வாங்கினார்கள். ஐப்பசி கடைசியில் நான் போனபோது அக்கா அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றி வைத்திருந்தாள்.

அன்றிலிருந்து, யார் வீடு பார்த்துவிட்டு வந்தேன் என்று சொன்னாலும் நான் முதலில் கேட்பது, "எந்த மாசம் பார்த்தீங்க?" என்றுதான்.

கோடையில் பார்த்து முடிவு செய்வதுதான் டெல்டாவில் நடக்கும் பெரிய தவறு. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். அணை மூடியிருக்கும் மாதங்களில் வெண்ணாறும் வடவாறும் வெறும் மணல். தெருக்கோடியில் இருக்கும் வாய்க்கால் குப்பைக் குழி மாதிரித் தெரியும். வீடு பார்க்க வருபவர் கண்ணில் அது படவே படாது. அது பாசன வாய்க்காலா, வடிகாலா என்று கேட்க வேண்டும். பாசன வாய்க்காலை மேட்டில்தான் கொண்டுபோவார்கள், அப்போதுதான் இருபக்கமும் தண்ணீர் பாயும். வடிகால் பள்ளத்தில் ஓடும். வடிகாலை ஒட்டி மனை என்றால், சுற்றுவட்டாரத்து மழைத் தண்ணீர் எல்லாம் அந்தப் பக்கம்தான் வரும் என்று அர்த்தம். வடகிழக்குப் பருவமழையில் வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் வந்து மூன்று நாள் விடாமல் பெய்தால், வடிகாலும் நிரம்பித் தண்ணீர் போக வழியில்லாமல் நிற்கும்.

இதைச் சொன்னதும் பலர், ஆற்றுக்குப் பக்கத்தில் வாங்கவே கூடாது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் சரியல்ல. ஆறு காலங்காலமாக வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கரையை உயர்த்தியிருக்கும். அதனால் ஆற்றங்கரையை ஒட்டிய பழைய தெருக்கள் பெரும்பாலும் மேட்டில் இருக்கும். ஆற்றைவிட்டு விலகி உள்ளே போகப் போகத்தான் நிலம் தாழும். நம் முன்னோர் தெருவை எங்கே வைத்தார்கள், வயலை எங்கே விட்டார்கள் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அக்கா வாங்கிய தெரு இருபது வருஷத்துக்கு முன்னால் நடவு நட்ட வயல்.

அதேபோல, வல்லம் பக்கம் செம்மண் மேடு, எனவே தெற்கும் மேற்கும் எல்லாமே பத்திரம் என்று நினைப்பதும் தவறு. மேட்டு நிலத்திலும் ஏரி உண்டு, ஏரிக்கு மழைநீர் வரும் பாதை உண்டு. இடத்தின் பெயரைக் கவனியுங்கள். சேவப்ப நாயக்கன் வாரி என்று தஞ்சாவூரிலேயே ஒரு பகுதி இருக்கிறது. நாயக்கர் காலத்தில் மழைநீரைப் பிடித்துச் சிவகங்கைக் குளத்துக்கு அனுப்பிய ஏரியின் பெயர் அது. வாரி, ஏரி, குளம், தாங்கல் என்று பெயர் முடிந்தால், அந்தத் தண்ணீர் இப்போது எந்த வழியாகப் போகிறது என்று விசாரிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மழைக்காலம் வரை காத்திருக்க முடியாது என்றால், தடயம் தேடுங்கள். சுற்றுச்சுவரில் பாசிக்கறை எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது? தெருவைவிட வாசற்படி தாழ்ந்திருக்கிறதா? ரோடு போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப்போன வீடுகள் இன்று தெருமட்டத்துக்கு வந்துவிட்டன. பக்கத்து வீடுகளில் பீரோவும் ஃபிரிட்ஜும் செங்கல்மேல் நிற்கின்றனவா என்று பாருங்கள். மழையில் கழிவறைத் தண்ணீர் எதிர்த்து வருமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில், நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் செப்டிக் டேங்க் வடியாது. தரகரிடம் கேட்டுப் பயனில்லை. பால்காரர், பூக்கட்டும் அம்மா, இஸ்திரி போடுபவர், இவர்களைக் கேளுங்கள். அக்கா தெருமுனையில் பூக்கட்டும் ஒரு பாட்டி பின்னால் என்னிடம் சொன்னார்: "கார்த்திகையில இந்தச் சந்துல செருப்பக் கையிலதான் தம்பி புடிச்சிக்கிட்டுப் போவணும்." அவரை முன்பே யாரும் கேட்கவில்லை.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. வயல் களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதற்கேற்ற அடித்தளம் போடாத வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். புதுப் பெயின்ட் அடித்த வீடு என்றால் அந்த மூலைகளை இன்னும் உற்றுப் பாருங்கள்.

அப்புறம், காவிரிக்கரை ஊர்களில் கட்டாயம் பார்க்க வேண்டிய இன்னொன்று அடிமனை. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை எங்கும் கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமான மனையில் தலைமுறை தலைமுறையாக வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் உண்டு. வீடு அவர்களுடையது, தரை சாமியுடையது. தரைக்கு வாடகை கட்டுவார்கள். கோயிலைச் சுற்றிய அருமையான தெரு, நடந்தால் கடைவீதி, விலையும் மலிவு என்றால் முதலில் இந்தச் சந்தேகம் வர வேண்டும். வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்று திருப்தி அடைவது தவறு. பதிவான பரிமாற்றங்கள் மட்டும்தான் அதில் வரும். சர்வே எண்ணைக் கொண்டு தாலுகா அலுவலகத்தில் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். நிலம் யார் பெயரில், நஞ்சையா, நத்தமா, வாய்க்கால் புறம்போக்கா என்பது அங்கே தெரியும். இந்து சமய அறநிலையத் துறையின் இணையதளத்திலும் கோயில் நிலங்களின் விவரம் இருக்கிறது. பத்திரத்தில் "கட்டடம் மட்டும்" என்று ஒரு சொல் ஒளிந்திருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வங்கிக் கடன் கிடைப்பதும் கடினம், நாளை விற்பதும் கடினம்.

புறநகரில் மனைப்பிரிவு என்றால் நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி எண்ணைக் கேளுங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான அனுமதியில்லா மனைகளை வரன்முறைப்படுத்த அரசு வழி செய்தது. அப்படி மனையை வரன்முறைப்படுத்திய ஆணையின் நகல் விற்பவர் கையில் இருக்க வேண்டும், "போட்டிருக்கோம், வந்துடும்" என்ற பேச்சு போதாது.

விலையை ஒப்பிடுவதிலும் ஏமாற இடமுண்டு. நகருக்குள் சதுர அடிக் கணக்கு. வெளியே போனால் குழிக் கணக்கு. டெல்டாவில் ஒரு குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, அதாவது சுமார் 33 சென்ட். குழி ஒன்றரை லட்சம் என்றால் சதுர அடி ஆயிரத்து நாற்பது ரூபாய் சொச்சம். இரண்டு இடத்தையும் ஒரே அளவைக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் எது மலிவு என்று பேச வேண்டும். அதிலும் தாழ்வான மனைக்கு மண் அடிக்கும் செலவு, அந்த மண் இறுகும் வரை காத்திருக்கும் காலம், அதுவரை கொடுக்கும் வாடகை, எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அக்கா வீட்டில் அடுத்த கோடையில் தரையை ஒன்றரை அடி உயர்த்தினார்கள். வடக்கே வாங்கி மிச்சம் பிடித்த பணத்தில் பாதி அதிலேயே போனது. கதவுகளை எல்லாம் கீழே அறுத்து மாட்டினார்கள். நிலையை மாற்றப் பணம் இல்லை. அத்தான் உயரமானவர், இப்போது ஒவ்வொரு அறைக்கும் குனிந்துதான் போகிறார்.