மறுபக்கம் எங்கே? சிறுநீரக செல்லில் கால்சியம் அளப்பவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த மாணவி ஒரு வரைபடத்தைக் காட்டினார். இரத்தத்தில் கால்சியத்தைக் கூட்டும் பாராதைராய்டு ஹார்மோனை, அதாவது பிடிஎச்சைச் சிறுநீரக செல்களில் ஊற்றியதும், உள்ளே ஏற்றிய சாயத்தின் ஒளிர்வைக் காட்டும் கோடு விருட்டென்று மேலே ஏறுகிறது. "கால்சியம் கடத்தல் கூடிடுச்சு அக்கா" என்றார். எனக்குப் பகீரென்றது. ஒரு காலத்தில் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கையுறை போடு, குப்பியில் தேதி எழுது என்பதையெல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்தச் செல் என்று பார்க்காமல் தொடங்குவது

வடிகட்டப்படும் கால்சியத்தில் சுமார் 98 சதவீதத்தைச் சிறுநீரகம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அதில் பெரும்பங்கு சிறுநீர்க் குழலின் தொடக்கப் பகுதியான அண்மைச் சுருள் நுண்குழலிலும் ஹென்லே வளைவின் தடித்த பகுதியிலும், செல்களுக்கு இடையிலுள்ள சந்து வழியே போய்விடுகிறது. செல்லுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறும் கடத்தல் அதற்கும் அப்பாலுள்ள சேய்மைச் சுருள் நுண்குழலிலும் அதையடுத்த இணைப்புக் குழலிலும் நடக்கிறது. அது 10 சதவீதம் அளவுதான். ஆனாலும் பிடிஎச் அந்த வழியை முடுக்குவது அங்கேதான். ஓப்போசம் என்ற விலங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த, அண்மைக் குழலைப் போன்ற ஓகே செல்லில் பாஸ்பேட் கதை அழகாகத் தெரியும். கால்சியம் கதைக்கு அது ஓகே இல்லை.

ஒளிர்வைக் கடத்தல் என்று நம்புவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. எட்டு மாதம் போனது.

கண்ணாடித் துண்டில் செல் வளர்த்து, கால்சியம் ஒட்டினால் ஒளிர்வு மாறும் ஃபூரா-2 சாயம் ஏற்றி, 340, 380 நானோமீட்டர் ஒளியில் மாறி மாறிப் பார்த்தேன். ஹார்மோன் விழுந்ததும் இரண்டு ஒளிர்வுகளின் விகிதம், அதாவது உள்ளிருக்கும் கால்சியத்தின் அளவு, எகிறியது. சுவரொட்டி அச்சடித்து ஒரு கருத்தரங்குக்கும் எடுத்துப் போனேன். வயதான ஒருவர் நிதானமாகப் படித்துவிட்டு, "மறுபக்கம் எங்கம்மா இருக்கு?" என்றார். செல்லின் அடிப்பக்கம் கண்ணாடியில் ஒட்டிக் கிடக்கிறது. கால்சியம் கடந்து போக அங்கே இடமே இல்லை!

திரும்பி வந்து, வெளிக் கரைசலில் கால்சியத்தை நீக்கி, மிச்சத்தையும் கவ்விக்கொள்ளும் ஈஜிடிஏ சேர்த்து மறுபடி செய்தேன். அதே ஏற்றம். அப்படியென்றால் அந்தக் கால்சியம் வெளியிலிருந்து வரவில்லை. செல்லுக்குள்ளேயே எண்டோபிளாச வலையில் சேமித்திருந்தது. நான் அளந்தது ஹார்மோன் செல்லுக்குள் எழுப்பிய சமிக்ஞையைத்தான், கடத்தலை அல்ல.

இதைவிடக் கொடுமை, உண்மையில் கடத்துகிற செல்லில் அந்த ஏற்றம் தெரியாமலே போகலாம். மேல்பக்கம், அதாவது சிறுநீர்ப் பக்கம், டிஆர்பிவி5 என்ற வாயில் வழியே கால்சியம் நுழைகிறது. நுழைந்ததும் கால்பைண்டின் புரதம் அதைக் கவ்விக்கொண்டு கீழே கொண்டுபோகிறது. அங்கே சோடியம்-கால்சியம் பரிமாற்றியும் கால்சியம் பம்பும் வெளியே தள்ளுகின்றன. உள்ளே கட்டற்ற கால்சியம் 100 நானோமோலார் அளவுதான். வெளியே அதைப்போல் பத்தாயிரம் மடங்கு. கடத்தல் கூடினாலும் உள்ளளவு அசையாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செல் செத்துப்போகும். ஏரியில் நீர்மட்டம் பார்த்துவிட்டு வயலுக்கு எவ்வளவு பாய்ந்தது என்று கணக்கெழுத முடியுமா?

சரி, என்ன செய்யலாம்? நுண்துளைச் சவ்வின் மேல் வளர்த்து, மேல்பக்கம் கதிரியக்கக் கால்சியம்-45 இட்டு, கீழ்ப்பக்கம் எவ்வளவு வந்தது என்று எண்ணுங்கள். அதன் அரை ஆயுள் சுமார் 163 நாள். பழைய குப்பி என்றால் திருத்தம் போடுங்கள். கூடவே, செல்லுக்குள் புகாமல் சந்து வழியே மட்டும் போகும் மானிட்டாலையும் அளந்துவிடுங்கள். அதுவும் கூடியிருந்தால், செல் கடத்தவில்லை, சந்து திறந்திருக்கிறது.

பிடிஎச்சை மேலே மட்டும் ஊற்றுவது

உடம்பில் அது இரத்தப் பக்கத்திலிருந்து வருகிறது. கீழே ஊற்றுங்கள்.

கால்சிட்ரியாலுக்குப் பத்து நிமிடம் கொடுப்பது

கால்சிட்ரியால் என்பது வைட்டமின் டியின் செயல்படும் வடிவம். அது மரபணுவை எழுப்பி, டிஆர்பிவி5-ஐயும் கால்பைண்டினையும் புதிதாகச் செய்யவைக்க வேண்டும். ஒன்றிரண்டு நாள் கொடுங்கள். வளர்ப்புக் கரைசலில் சேர்க்கும் சீரத்தையும் குறையுங்கள், அதிலுள்ள வைட்டமின் டி பிணைப்புப் புரதம் பாதியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஹார்மோனை உருக்கி உருக்கி உறையவைப்பது

வேண்டாம்.

மாணவியின் செல்கள் இப்போது சவ்வின் மேல் இருக்கின்றன. ஐந்து நாளாகியும், சந்துகள் இறுக அடைந்துவிட்டன என்று காட்டும் மின்தடை ஏறவில்லை. அது வேறு தலைவலி.