கூம்பு ஃபில்டருக்கு வீட்டிலேயே ஹீட் ஷீல்டு செய்வது எப்படி

பானெட்டுக்குள் கூம்பு ஃபில்டர் (கம்பெனி ஏர் பாக்ஸுக்குப் பதிலாக மாட்டும் கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்) திறந்தபடி நிற்கும் கார், சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றால் எஞ்சின் குடிப்பது வெளிக்காற்றை அல்ல, ரேடியேட்டர் விசிறி தள்ளிவிட்ட அனல்காற்றை. வெளியே 35 டிகிரி, ஃபில்டர் வாயில் 65 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் அடர்த்தியைக் கெல்வின் கணக்கில், அதாவது டிகிரியோடு 273 கூட்டிப் பார்க்க வேண்டும்: 308-ஐ 338-ஆல் வகுத்தால் 0.91. அதாவது ஒவ்வொரு மிடறுக்கும் 9 சதவீதம் ஆக்ஸிஜன் குறைவு. போதாததற்கு, காற்று சூடானால் நாக்கிங் (எரிபொருள் கலவை தானாக நேரம் தவறி வெடிப்பது) வந்துவிடும் என்று, எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியூ, இக்னிஷன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தைப் பின்னுக்கு இழுக்கும். சத்தம் கூடியும் இழுவை கூடவில்லையே என்று பலர் புலம்புவது இதனால்தான்.

கம்பெனி ஏர் பாக்ஸ் இன்னும் வண்டியில் இருந்தால் இந்த வேலையே வேண்டாம். மூடிய பெட்டி, கிரில்லுக்குப் பின்னால் திறக்கும் மூக்கு: நாம் தகட்டில் கட்டப்போவதும் அதே பொருள்தான். ஏற்கெனவே கூம்பு மாட்டியாகிவிட்டது, பழைய பெட்டி கையில் இல்லை என்பவர்களுக்குத்தான் மேற்கொண்டு சொல்வதெல்லாம்.

இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு, மறைப்பை மட்டும் செய்து நிறுத்திவிடுவது. எல் வடிவில் ஒரு தகட்டை மடித்து ஃபில்டர் பக்கத்தில் நிறுத்தினால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாய்த்தொகுதி) நேரடி அனல் குறையும், அவ்வளவுதான். பானெட்டுக்குள் சுற்றுகிற காற்று முழுக்கச் சூடாக இருக்கும்போது அது தகட்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்துவிடும். வெளிக்காற்றுக்குத் தனி வழி, சூட்டுக்காற்றுக்கு வழியே இல்லை என்ற நிலை வந்தால்தான் வேலை முடிந்த கணக்கு.

இடம் பார்த்தல்

எஞ்சின் ஆறியபின் பானெட்டைத் திறந்து, சூடு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள். எல்லா வண்டிக்கும் ஒரே பதில் கிடையாது. 1998-இல் இந்தியாவுக்கு வந்த முதல் ஹோண்டா சிட்டியின் டி-சீரிஸ் எஞ்சினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு முன்பக்கம், ரேடியேட்டரைப் பார்த்து இருக்கும். ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று மேனிஃபோல்டையும் தழுவிக்கொண்டுதான் பின்னால் போகும். ஹோண்டாவின் கே-சீரிஸில் நேர்மாறு: எக்ஸாஸ்ட் ஃபயர்வால் பக்கம், அதாவது எஞ்சின் அறைக்கும் ஆட்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள சுவரின் பக்கம். ஆகவே இன்னொரு மாடலுக்குச் செய்த வரைபடத்தை அப்படியே எடுத்து வெட்டாதீர்கள்.

அடுத்தது எஞ்சினின் ஆட்டம். ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, உள்ளே ஒருவர் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கட்டும். மவுண்டின் மேல் எஞ்சின் எவ்வளவு சாய்கிறது என்று தள்ளி நின்று பாருங்கள். ஷீல்டு பாடியில் உட்காரும், இன்டேக் குழாய் எஞ்சினோடு ஆடும். அதனால் எஞ்சினோடு சேர்ந்த எந்தப் பொருளுக்கும் தகட்டுக்கும் இடையே 25 மி.மீ. விடவும். ஃபில்டரைச் சுற்றியும் அதே 25 மி.மீ. வேண்டும். தகடு ஃபில்டரை ஒட்டி நின்றால் அந்தப் பக்கத்துப் பேப்பரோ துணியோ காற்றே இழுக்காது.

பிரேக் ஆயில் டப்பா, கூலன்ட் மூடி, ஃபியூஸ் பாக்ஸ், டிப்ஸ்டிக் நான்கும் ஷீல்டைக் கழற்றாமல் கைக்கு எட்ட வேண்டும்.

தகடு

1.6 மி.மீ. அலுமினியம் ஷீட், அதாவது கடைக்காரர் 16 கேஜ் என்று சொல்வது, தாங்கும், அதிராது. 18 கேஜ், 1.2 மி.மீ., வெட்டவும் மடிக்கவும் சுலபம். ஆனால் ஒரு பக்கம் 30 செ.மீ. தாண்டினால் நடுவில் ஒரு மடிப்போ வரிப்பள்ளமோ இல்லாமல் தகரம் மாதிரி அதிரும். 60-க்கு 40 செ.மீ. துண்டு ஒன்று பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளுக்குப் போதும். 16 கேஜில் அதன் எடை ஏறக்குறைய ஒரு கிலோ. சாதாரண மென்மையான ரகமே நல்லது. 6061-டி6 போன்ற கடினமான அலாயைக் கூர்மையாக மடித்தால் மடிப்பிலேயே விரியும்.

ஜிஐ ஷீட் மலிவு, கிடைப்பதும் எளிது. ஆனால் வெட்டிய ஓரத்தில் துத்தநாகப் பூச்சு போய்த் துரு பிடிக்கும். கூடவே, கடை போர்டு செய்யும் இடங்களில் மிச்சமாகக் கிடக்கும் ஏசிபி ஷீட்டை எடுத்துவிடாதீர்கள். பார்க்க அலுமினியம், நடுவில் இருப்பது பிளாஸ்டிக். எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் அது இளகும், தீயும் பிடிக்கும். கண்ணாடி போலத் தெரிய வேண்டும் என்று அக்ரிலிக்கில் மேல்மூடி போடுபவர்கள் உண்டு. 100 டிகிரி நெருங்கும்போது அதுவும் வளைந்துவிடும்.

மற்றவை: 4 மி.மீ. பாப் ரிவெட் இருபது, எம்6 போல்ட் நான்கைந்து நைலாக் நட்டோடு, யு வடிவ ஓர பீடிங் இரண்டு மீட்டர், குமிழ் வைத்த டோர் பீடிங் ஒரு மீட்டர், 75 மி.மீ. சிலிகான் நெளிவுக் குழாய் அரை மீட்டர், கிளாம்ப் இரண்டு.

அட்டையில் முதலில்

தகட்டில் கை வைக்கும் முன் அட்டையில் முழு ஷீல்டையும் செய்துவிடுங்கள். டிவி, ஃப்ரிட்ஜ் வந்த நெளிவு அட்டை இதற்கு ஆகாது: தடிமன் 5 மி.மீ., அளவு ஏமாற்றும். சட்டை டப்பா, காலண்டர் அட்டை போல மெல்லியதாக எடுங்கள்.

ஒரே துண்டில் எல்லா வளைவையும் பிடிக்க நினைக்காதீர்கள். தரைப்பகுதிக்கு ஒன்று, எஞ்சின் பக்கச் சுவருக்கு ஒன்று, பேட்டரி அல்லது ஃபெண்டர் பக்கத்துக்கு ஒன்று எனச் சிறு சிறு துண்டுகளை உள்ளே நிறுத்தி, மாஸ்கிங் டேப்பால் ஒன்றோடொன்று ஒட்டுங்கள். இன்டேக் குழாய் நுழையும் ஓட்டைக்கு, குழாயின் வெளிவிட்டத்தைவிட 20 மி.மீ. கூட்டி வட்டம் போட்டு, அந்த வட்டத்தை நடுவில் வெட்டி இரண்டு பாதியாக்குங்கள். இல்லாவிட்டால் தகடு தயாரானபின், குழாயைக் கழற்றாமல் ஷீல்டை உள்ளே இறக்கவே முடியாது.

சுவரின் உயரத்துக்கு ஒரு வழி உண்டு. பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைக் கட்டைவிரல் பருமனுக்கு உருட்டி, அட்டையின் மேல்விளிம்பில் பத்து செ.மீ.க்கு ஒன்றாக வைத்து, பானெட்டை மெதுவாக மூடித் திறங்கள். நசுங்கி மிஞ்சிய கனம்தான் அந்த இடத்தில் உள்ள இடைவெளி. முன்னால் 8 மி.மீ., பின்னால் 30 மி.மீ. என்று மாறும், பானெட் நேர்கோடு அல்ல. ஒவ்வொரு எண்ணையும் அட்டையிலேயே எழுதுங்கள். பீடிங்கின் குமிழ் 15 மி.மீ. என்றால், அது 3 முதல் 5 மி.மீ. நசுங்கும்படி தகட்டின் மேல்கோட்டை வரையுங்கள்.

அட்டை சரியாக உட்கார்ந்ததும் டேப்பைப் பிரிக்காமல் வெளியே எடுத்து, மடிப்புக் கோடுகளைக் குறித்துவிட்டுத் தட்டையாக விரியுங்கள். விரியாத இடம் இருந்தால் அங்கேதான் ரிவெட் இணைப்பு. அதற்கு 20 மி.மீ. காது விட்டு வரையுங்கள்.

வெட்டு, மடிப்பு

கோடுகளை மார்க்கரால் போடுங்கள். கூரான ஊசியால் கீறிய கோட்டில் மடித்தால் கீறல்தான் விரிசலின் தொடக்கம். 18 கேஜ் வரை தகரக் கத்தரி போதும். 16 கேஜுக்கு ஜிக்சா, அங்குலத்துக்கு 24 பல் உள்ள இரும்பு பிளேடு. கோட்டில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் பல்லில் அலுமினியம் அப்பாது. ஆங்கிள் கிரைண்டரின் சாதாரண அரைக்கும் சக்கரத்தை அலுமினியத்தில் வைக்க வேண்டாம். துளைகள் அடைபட்டு, சூடேறி, சக்கரமே வெடிக்கலாம்.

மடிப்பதற்கு இரண்டு ஆங்கிள் இரும்பு, இரண்டு சி-கிளாம்ப், ஒரு மரச்சுத்தி. கோட்டை ஆங்கிளின் விளிம்போடு வைத்து இறுக்கி, கையால் முதலில் தள்ளி, பிறகு ஒரு கட்டையை வைத்து அதன்மேல் தட்டுங்கள். ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் தகடு அலை அலையாகிவிடும். மடிப்பில் அளவு ஒரு தகட்டுக் கனம் முன்பின் போகும் என்பதால் போல்ட் ஓட்டைகளை மடித்து முடித்தபின் வண்டியில் வைத்துக் குறிப்பதே சரி. 4 மி.மீ. ரிவெட்டுக்கு 4.1 பிட், இரண்டு ரிவெட்டுக்கு இடையே 40 மி.மீ.

எல்லா ஓரத்தையும் அரத்தால் மழுக்கி யு பீடிங் ஏற்றுங்கள். இதைத் தவிர்த்தால் ஆறு மாதத்தில் தகட்டின் ஓரம் வயரிங் ஹார்னஸையோ ஏசி ஹோஸையோ அறுத்துவிடும்.

சூடு படும் முகம்

எக்ஸாஸ்டைப் பார்க்கும் பக்கத்துக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள். பளபளப்பான அலுமினியம் தன்மேல் விழும் அனல்கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். மேட் பிளாக் அழகுதான், ஆனால் வாங்கிய அனலை அப்படியே உள்ளே விடும். மேனிஃபோல்டு 15 செ.மீ.க்குள் இருந்தால் தகட்டின் கனத்தைக் கூட்டுவதைவிட, 8 மி.மீ. தள்ளி இன்னொரு மெல்லிய தகட்டை ஸ்பேசர் வைத்து மாட்டுங்கள். இரண்டுக்கும் நடுவில் மேலும் கீழும் திறப்பு இருந்தால் சூடான காற்று தானே மேலேறி வெளியே போய்விடும். கண்ணாடி இழைப் போர்வை ஒட்டுவதானால் ஷீல்டின் வெளிப்பக்கம் மட்டும் ஒட்டுங்கள். உள்ளே ஒட்டினால் உதிரும் இழை ஃபில்டரில் போய்ச் சேரும். கூரைக்குப் போடும் குமிழ்வைத்த வெள்ளித்தாள் இங்கே உருகிவிடும்.

வெளிக்காற்றின் வழி

குழாயின் அளவை ஊகிக்க வேண்டாம், கணக்குப் போடலாம். 1.5 லிட்டர் எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 4500 லிட்டர் காற்றுக்கு இடம் தரும். 85 சதவீதம் நிரம்புகிறது என்று கொண்டால் நொடிக்கு சுமார் 64 லிட்டர். 63 மி.மீ. குழாயில் இது நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். 75 மி.மீ. குழாயில் 14.5 மீட்டர் போதும். வேகம் குறைந்தால் இழுவைத் தடையும் குறையும், ஆகவே 75.

சுவரின் முன்முகத்தில் 76 மி.மீ. ஹோல்சாவால் ஓட்டை போட்டு, 75 மி.மீ. பிவிசி பைப் துண்டை உள்ளே நுழைத்து, காது வைத்து ரிவெட் செய்தால் குழாய் மாட்டும் கழுத்து தயார். இந்தப் பக்கம் காற்று குளிர்ச்சி என்பதால் பிவிசி தாங்கும். மேனிஃபோல்டு பக்கம் வைத்தால் 80 டிகிரியில் இளகும். கிச்சன் சிம்னியின் அலுமினிய நெளிவுக் குழாயைச் சோதனைக்கு மாட்டலாம், நிரந்தரமாக அல்ல. அதிர்வில் மடிப்பு கிழிந்து தாள் உதிரும்.

குழாயின் வாய் கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டரின் மேல்சட்டத்துக்கு மேலே இருக்கட்டும். பம்பருக்குக் கீழே இறக்கினால் காற்று இன்னும் குளிர்ச்சிதான். ஆனால் சென்னையில் ஒரு நவம்பர் மழையில் முழங்கால் தண்ணீருக்குள் போனால் எஞ்சின் தண்ணீரை உறிஞ்சிக் கனெக்டிங் ராடு வளையும். ஷீல்டின் தரையில் தாழ்வான மூலையில் 6 மி.மீ. ஓட்டை இரண்டு போடுங்கள், வந்த மழைநீர் வடியட்டும்.

மாட்டுதல்

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் தகட்டைக் கையில் எடுக்க வேண்டும். பழைய ஏர் பாக்ஸ் நின்ற எம்6 ஓட்டைகளையே பயன்படுத்துங்கள், பாடியில் புது ஓட்டை வேண்டாம். ஒவ்வொரு போல்ட்டிலும் ரப்பர் கிரோமெட் வேண்டும், இல்லாவிட்டால் ஐட்லிங்கில் தகடு முணுமுணுக்கும். பாசிட்டிவ் முனைக்கு ரப்பர் உறை கட்டாயம், தகட்டுக்கும் அதற்கும் 40 மி.மீ. இருக்கட்டும்.

மேல் பீடிங் எங்கே தொடுகிறது என்று பார்க்க, அதன்மேல் சாக்பீஸைத் தேய்த்து பானெட்டை ஒருமுறை மூடித் திறங்கள். பானெட்டின் அடியில் விழுந்த வெள்ளைக்கோடு எங்கே அறுபடுகிறதோ, அங்கே சூட்டுக்காற்றுக்கு வாசல் இருக்கிறது. கோடு 2 செ.மீ. அகலத்துக்கு அப்பியிருந்தால் பீடிங் அதிகமாக நசுங்குகிறது. பானெட் லாக் இறுகும், நாளடைவில் விளிம்பு தூக்கிக்கொள்ளும்.

அளந்து பார்த்தல்

ஓபிடி2 போர்ட் (வண்டியின் கணினியிலிருந்து தகவல் எடுக்கும் சாக்கெட்) உள்ள வண்டி என்றால், அதில் செருகி அளவுகளை மொபைலில் காட்டும் ஒரு ஈஎல்எம்327 டாங்கிள் போதும். ஷீல்டு போடும் முன்னும் பின்னும், அதே சாலை, அதே நேரம், 60 கி.மீ. வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டி இன்டேக் காற்றின் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை மட்டும் ஒப்பிடாதீர்கள். வெளிவெப்பத்தைக் கழித்து, வித்தியாசத்தை ஒப்பிடுங்கள். ஓட்டத்தில் அது 10 டிகிரிக்குள் வந்தால் நல்ல வேலை. நிறுத்தி வைத்து மீண்டும் ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடங்களின் அளவு கணக்கில் சேராது. சென்சார் இன்டேக் மேனிஃபோல்டில் உட்கார்ந்திருக்கும் வண்டிகளில் அது காற்றோடு சேர்த்து மேனிஃபோல்டின் சூட்டையும் காட்டும்.

மேப் சென்சார் (இன்டேக் மேனிஃபோல்டுக்குள் உள்ள அழுத்தத்தை அளப்பது) இருந்தால் இன்னொரு சோதனை. சாவி ஆன், எஞ்சின் ஆஃப் நிலையில் வரும் அளவு வளிமண்டல அழுத்தம். காலியான நேர்ச்சாலையில் இரண்டாவது கியரில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, உயர் ஆர்பிஎம்மில் அது எவ்வளவு இறங்குகிறது என்று டாங்கிளின் பதிவில் பாருங்கள். ஷீல்டுக்கு முன்பு இருந்ததைவிட 2 கிலோபாஸ்கல் கூடுதலாக இறங்கினால் குழாய் நெருக்கம், அல்லது எங்கோ மடங்கியிருக்கிறது.

ஐட்லிங் ஏறி இறங்கினால் சந்தேகப்பட வேண்டியது மாஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றின் அளவை அளப்பது). ஷீல்டின் சுவர் ஃபில்டர் முனையை நெருங்கிக் காற்றைச் சுழற்றிவிட்டால் சென்சார் தவறாக அளக்கும். குழாயின் கழுத்தை ஃபில்டரின் நேர் எதிரே வைக்காமல் 5 செ.மீ. பக்கவாட்டில் நகர்த்துவது பெரும்பாலும் சரிசெய்யும். எண்ணெய் தடவும் ரக ஃபில்டர் என்றால், அதிக எண்ணெய் சென்சார் கம்பியில் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

500 கி.மீ. ஓடியபின் நைலாக் நட்டுகளையும் கிளாம்ப்களையும் ஒருமுறை இறுக்கி, தகட்டின் ஓரம் எங்காவது உரசிப் பளபளக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே பீடிங் விலகியிருக்கும்.